ஜீப்ரா கிராசிங் போட ஒரு ராத்திரி வேலைதானே, ஏன் 2 வருஷம் இழுக்குறாங்க?

நீங்க கேட்டதை என் வார்த்தையில ஒரு தடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பசங்க ஸ்கூலுக்குப் போற வழியில ஒரு பெரிய ரோட்டைக் கடக்கணும், அங்க ஜீப்ரா கிராசிங் போடுங்கன்னு 2 வருஷமா மனு கொடுக்குறீங்க, "பரிசீலனையில் உள்ளது"ன்னு அதே பதில் வந்துக்கிட்டே இருக்கு. பத்து வெள்ளைப் பட்டை அடிக்கிறதுக்கு எதுக்கு இவ்ளோ இழுத்தடிப்புங்குறது உங்க கேள்வி. கூடவே, கொஞ்சம் தள்ளி இருக்குற பழைய கிராசிங் அழிஞ்சு கிடக்கே, அதை யார் பார்க்கணும்னும் கேட்டிருக்கீங்க. படிச்சப்போ எனக்குத் தோணினது, நீங்க கேக்குறது பட்டையைப் பத்தி இல்லைங்க, பசங்க பத்திரமா அந்தப் பக்கம் போய்ச் சேரணும், அவ்வளவுதான். ஆனா மனுல பட்டைதான் கேட்டிருக்கீங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்துலதான் நிறைய ஃபைல் மாட்டிக்கிட்டு நிக்குது. நான் உள்ளாட்சி சாலைப் பிரிவுல 22 வருஷம் இருந்தவன், அதுல பாதிக்கு மேல கிராசிங், சைன் போர்டு, ரோடு மார்க்கிங் வேலைதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒண்ணு ஒத்துக்கறேன். அந்த 2 வருஷத்துல கணிசமான நாள் ஃபைல் யாரோ ஒருத்தர் மேஜைல சும்மா தூங்கியிருக்கும், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மீதி நாளுக்குக் காரணம் இருக்கு. மனு வந்ததும் பார்க்குற முதல் விஷயம், அந்த ரோடு யாரோடதுங்குறது. வீட்டு வாசல்லயே ஓடுதுங்குறதுக்காக அது உள்ளாட்சி ரோடு ஆயிடாது. ஊருக்கு நடுவுல போற பெரிய ரோடு பல இடத்துல நெடுஞ்சாலைத் துறையோடதா இருக்கும், ஓரத்து நடைபாதை மட்டும் உள்ளாட்சியோடது, சிக்னல் போலீஸ் கையிலயோ வேற ஒரு பிரிவுலயோ இருக்கும், தெரு விளக்கு இன்னொருத்தர் பொறுப்பு, அந்த விளக்கை மறைச்சுக்கிட்டு நிக்குற மரத்தை வெட்டணும்னா பூங்காப் பிரிவு கையெழுத்து. ஒரு கிராசிங் ஒழுங்கா வேலை செய்யணும்னா இத்தனை பேரும் ஒரே நேரத்துல சரின்னு சொல்லணும். யாருன்னு தெரியாம ஒரே ஆபீசுக்கு மனு போட்டுக்கிட்டே இருந்தா, அது "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது"ன்னு ஊர் சுத்திட்டு வரும், அந்த சம்பந்தப்பட்ட துறை எதுன்னு அனுப்புனவருக்கே சில சமயம் தெரியாதுங்குறதுதான் வேடிக்கை.

ரோடு யாரோடதுன்னு முடிவானதும் அடுத்து எண்ணிக்கை. இதுக்கு இன்ஜினியருங்க நடுவுல ரொம்ப நாளாப் புழங்குற கணக்கு ஒண்ணு இருக்கு, பி.வி. ஸ்கொயர்னு சொல்லுவோம். ஒரு மணி நேரத்துல எத்தனை பேர் ரோட்டைக் கடக்குறாங்களோ அது பி, எத்தனை வண்டி போகுதோ அது வி, வண்டி எண்ணிக்கையை அதாலயே பெருக்கி அப்புறம் ஆள் எண்ணிக்கையால பெருக்கணும். பிரிட்டன்ல ஆரம்பிச்சு இந்தியா வரைக்கும் பல நாட்டு வழிகாட்டிகள்ல இது வந்துடுச்சு. மீடியன், அதாவது நடுத் தடுப்பு, இல்லாத ரோட்டுல 10 கோடியைத் தாண்டினா கிராசிங்குக்குத் தகுதி, மீடியன் இருந்தா 20 கோடி. 300 பேர், 600 வண்டின்னா 10.8 கோடி வரும், தேறிடும். இப்போ அதே கணக்கை வேற மாதிரி போட்டுப் பாருங்க. மணிக்கு 1,200 வண்டி, அதாவது 3 செகண்டுக்கு ஒண்ணு, கடக்குறவங்க வெறும் 60 பேர். 8.64 கோடிதான் வருது, ஃபெயில். 3 செகண்டுக்கு ஒரு வண்டி போற ரோட்டை எவன் கடப்பான்? கடக்க முடியலங்குறதாலதான் 60 பேரே இருக்காங்க. ஆனா ஃபார்முலா என்ன சொல்லுது, "இங்க தேவை இல்லை"ங்குது. ஆத்துல பாலம் கட்டணுமான்னு தெரிஞ்சுக்க, நீந்திப் போறவங்களை எண்ணுற கதைதான் இது.

இதை எனக்குப் புரிய வச்சது ஒரு பாட்டி. சேர்ந்த புதுசுல ஒரு ரோட்டோரத்துல ஸ்டூலைப் போட்டு, கையில கிளிக்கரும் அட்டையில சொருகின ஃபாரமுமா காலைல 7 மணிலேர்ந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் கடந்தா ஒரு கிளிக். அந்தம்மா கையில துணிப்பை, ஓரமா வந்து நின்னாங்க, ஒரு கால் கீழ வச்சாங்க, லாரி வந்துச்சு, பின்னால எடுத்தாங்க, திரும்ப வச்சாங்க, பைக் ஒண்ணு ஹாரனை அழுத்திக்கிட்டுப் போச்சு, திரும்ப எடுத்தாங்க. நாலஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் பையை மறு கைக்கு மாத்திக்கிட்டு வந்த வழியே போயிட்டாங்க. நான் கையில இருந்த ஃபாரத்தைப் பார்க்குறேன், ஆண், பெண், பள்ளிப் பிள்ளைகள்னு எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு, திரும்பிப் போனவங்களுக்குக் கட்டமே கிடையாது. அன்னிக்கு என் கணக்குல அந்தம்மா ரோட்டுக்கே வரலை. இப்போ பல நாட்டுல இந்த ஃபார்முலாவை மட்டும் கட்டிக்கிட்டு அழாம, காத்திருக்குற நேரம், வயசானவங்க, பசங்க எத்தனை பேர், பக்கத்துல ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப் இருக்கான்னு சேர்த்துப் பார்க்கணும்னு வழிகாட்டி மாறியிருக்கு. மாறுனது பேப்பர்ல, எல்லா ஆபீஸ் பழக்கத்துலயும் இன்னும் மாறலை.

சரி, பட்டைக்கு வருவோம். 1934ல பிரிட்டன்ல கிராசிங்னு குறிச்சப்போ ரோட்டுல உலோகக் குமிழ் பதிச்சாங்க, ஓரத்துல கறுப்பு வெள்ளைக் கம்பத்து மேல ஆரஞ்சு உருண்டை நட்டாங்க, அப்போ போக்குவரத்து அமைச்சரா இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா பேருல அதுக்கு பெலிஷா பீக்கன்னே பேர் ஆயிடுச்சு. நடக்குறவங்களுக்குக் குமிழ் நல்லாத் தெரிஞ்சுது, வண்டி ஓட்டுறவங்களுக்குத் தூரத்துலேர்ந்து தெரியலை. அதனாலதான் 1949ல சுமார் 1,000 இடத்துல விதவிதமாப் பட்டை அடிச்சுச் சோதனை பண்ணி, கடைசியில கறுப்பு வெள்ளையைப் பிடிச்சு, 1951ல ஸ்லவ் ஊருல முதல் ஜீப்ரா கிராசிங் வந்துச்சு. ஆக அந்தப் பட்டை நடக்குறவங்களுக்காகப் போட்டது கிடையாது, ஓட்டுறவன் கண்ணுக்காகப் போட்டது. கார் ஓட்டுறவர் கண்ணு தரையிலேர்ந்து ஒரு மீட்டர் சொச்சம் உயரத்துலதான் இருக்கும், 60 மீட்டர் தள்ளி இருந்து பார்த்தா ரோட்டுக்குக் குறுக்க போற ஒத்தைக் கோடு நூல் மாதிரி ஆயிடும், வண்டி போற திசையிலயே நீளமா இருக்குற தடிமனான பட்டைதான் பட்டையாத் தெரியும். சில இடத்துல சிக்கனம்னு ரெண்டு குறுக்குக் கோடு மட்டும் போட்டு விடுறாங்க, அது பக்கத்துல நிக்குற நமக்குக் கிராசிங், வர்றவனுக்கு ஒண்ணுமில்லை.

இப்போ நீங்க எதிர்பார்க்காத விஷயம். பட்டை மட்டும் போட்டா விபத்து குறையும்னு நான் சொல்ல மாட்டேன், சில ரோட்டுல அது கூடுது. அமெரிக்காவுல 30 ஊருல, பட்டை போட்ட 1,000 இடத்தையும் போடாத 1,000 இடத்தையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு 2005ல முழுசா வெளிவந்துச்சு, சிக்னலோ ஸ்டாப் போர்டோ இல்லாத கிராசிங்குகளை மட்டும் எடுத்துக்கிட்டது. ரெண்டு லேன் ரோட்டுல பட்டை இருந்தாலும் இல்லாட்டியும் விபத்து விகிதத்துல சொல்லிக்குற வித்தியாசம் வரலை. ஆனா பல லேன் ரோட்டுல, நடுவுல மீடியன் இல்லாம, நாளுக்கு 12,000 வண்டிக்கு மேல போற இடத்துல, வேற எந்த ஏற்பாடும் இல்லாம வெறும் பட்டை போட்ட இடத்துல விபத்து விகிதம் கூடுதலா இருந்துச்சு. ஏன்னு புரியணும்னா ரோட்டோரமா நின்னு பாருங்க. ஓரத்து லேன்ல வர்ற பஸ் நல்ல மனசோட நிக்குது, டிரைவர் கையைக் காட்டிப் போங்கங்குறாரு. ஓரத்துல கடக்க நின்ன ஒரு பொண்ணு ரோட்டுல இறங்கி பஸ் மூக்கைத் தாண்டுது. அந்தப் பக்கத்து லேன்ல வர்ற காருக்கு பஸ் ஏன் நிக்குதுன்னு தெரியாது, ஆள் ஏறி இறங்குதுன்னு நினைச்சு அதே வேகத்துல வரும். பஸ் மறைவுல இருக்குற பொண்ணு அவனுக்கும் தெரியாது, அவன் பொண்ணுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்குறப்போ நடுவுல 5 மீட்டர்தான் இருக்கும். இதுல யாரும் சட்டத்தை மீறணும்னு நினைக்கக்கூட இல்லை. உங்க மனுவைப் பார்த்துட்டு ஒரு இன்ஜினியர் தயங்குறார்னா சோம்பேறித்தனம் மட்டும்தான் காரணம்னு நினைச்சுடாதீங்க, இந்த ஒரு படம் அவர் கண்ணு முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கலாம். ஆனா அதுக்குப் பதில் "போட மாட்டோம்"னு ஃபைலை மூடுறது கிடையாது, கூட என்ன போடணுமோ அதையும் சேர்த்துப் போடுறதுதான்.

அப்படிக் கூடப் போட வேண்டியதுல எனக்குச் சந்தேகமே இல்லாதது வேகம். 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார், டிரைவர் பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக் மிதிச்சு, காஞ்ச ரோட்டுல நிக்க கிட்டத்தட்ட 35 மீட்டர் எடுத்துக்கும். 30ல வந்தா 18 மீட்டர் போதும். அதாவது 30ல வந்தவன் நின்னுட்ட இடத்துல, 50ல வந்தவன் இன்னும் பிரேக்லயே கால் வச்சிருக்க மாட்டான். அதனால ஸ்கூல் முன்னாடின்னா நான் எப்பவும் கேக்குறது ரோட்டையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்டுற மேடைக் கிராசிங், அதுல ஏறணும்னா வண்டி வேகத்தைக் குறைச்சே ஆகணும், போர்டு பார்க்காதவனும் குறைப்பான். ஆனா ஆம்புலன்ஸ், பஸ் நிறைய போற ரோட்டுல மேடைக்கு எதிர்ப்பு வரும், அது நியாயமான எதிர்ப்பும்கூட. மழைத் தண்ணி எங்க போகும்னு யோசிக்காம மேடை கட்டி, ஒரு பக்கம் குளமாத் தேங்கினதையும் பார்த்திருக்கேன். பெரிய ரோடுன்னா நடுவுல நின்னு மூச்சு விட ஒரு திட்டு. இதோட பலனைக் குறைச்சு எடை போடாதீங்க, ரெண்டு திசையையும் ஒரே நேரத்துல பார்க்க வேண்டிய வேலை, ஒரு சமயம் ஒரு திசைன்னு ஆயிடுது, வயசானவங்களுக்கும் பசங்களுக்கும் அதுதான் முக்கியம். திட்டு 2 மீட்டராவது அகலம் இருக்கணும், இல்லாட்டி குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சுக்கிட்டு நிக்குற அம்மாவுக்கு வண்டி முனை ரோட்டுல நீட்டிக்கிட்டு இருக்கும்.

இதைவிடக் குறைஞ்ச செலவுல ஆகுறது, கிராசிங்குக்கு முன்னாடி பார்க்கிங்கை எடுக்குறது. நிறுத்தின வேனுக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பார்க்குற 6 வயசுப் பையன் தலை யாருக்குத் தெரியும்? பிரிட்டன்ல ஜீப்ராவுக்கு முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு வெள்ளைக் கோடு போட்டிருக்கும், 1971லேர்ந்து வந்தது, அங்க வண்டி நிறுத்தவும் கூடாது, முந்தவும் கூடாது. செலவு கொஞ்சம் பெயிண்ட்தான், ஆனா எங்க ஆபீஸ் அனுபவத்துல சொல்றேன், சிக்னலுக்குப் பணம் வாங்குறதைவிட நாலு பார்க்கிங்கை எடுக்குறது கஷ்டம். வாசல்ல வண்டி விடுறவங்க அத்தனை பேரும் மறுநாளே ஆபீஸ்ல வந்து நிப்பாங்க, கிராசிங் வேணும்னு மனுல கையெழுத்துப் போட்ட ஆளே அதுல ஒருத்தரா இருப்பாரு.

சிக்னல் போட்டாத் தீர்ந்துடும்னு நினைக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை எவ்வளவு நேரம்ங்குறது நடை வேகத்தை வச்சுக் கணக்குப் போடுறது, பல இடத்துல செகண்டுக்கு 1.2 மீட்டர்னு எடுத்துக்குவாங்க, அமெரிக்கால 2009ல அதைச் சுமார் 1.07ஆக் குறைச்சாங்க. 14 மீட்டர் ரோடுன்னா 1.2 கணக்குல 12 செகண்டுக்குள்ள அந்தப் பக்கம் போயிடலாம். 65 தாண்டினவங்க நிறைய பேர் 0.8, 0.9ல நடக்குறவங்க, அவங்களுக்கு 16லேர்ந்து 18 செகண்டு வேணும், அந்த 4லேர்ந்து 6 செகண்டு அவங்க ரோட்டு நடுவுல சிவப்புல நிப்பாங்க. இது ஒரு எண்ணை மாத்தினா சரியாகுற விஷயம், காசே வேண்டாம், ஆனா அந்தச் சில செகண்டை வண்டிங்ககிட்டேர்ந்து எடுக்கணும், அதுதான் யாருக்கும் மனசு வராது. அதே மாதிரி காத்திருக்குற நேரம் 30 செகண்டைத் தாண்டினாலே ஜனங்க பொறுமை போய் இடைவெளி பார்த்து ஓட ஆரம்பிச்சுடுவாங்க. அவங்களை ஒழுங்கில்லாதவங்கன்னு திட்டுறதுக்கு முன்னாடி நாம 2 நிமிஷம் நிக்க வச்சிருக்கோமான்னு பார்க்கணும். பட்டனை அமுக்கினா எதாவது ஆகுதான்னு எல்லாரும் கேப்பாங்க, ஆகுறதும் உண்டு ஆகாததும் உண்டு, நியூயார்க்ல சிக்னலைக் கம்ப்யூட்டர்ல இணைச்சப்புறம் பெரும்பாலான பட்டன்கள் வேலை செய்யாம சும்மா இருக்குன்னு 2004ல செய்தியே வந்துச்சு. பிரிட்டன்ல பட்டன் பெட்டிக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, பல இடத்துல விரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் கூம்பு தட்டுப்படும், பச்சை விழுந்ததும் அது சுத்தும். கண்ணு தெரியாதவங்களுக்காக வச்சது. தினம் அந்தப் பெட்டியை அமுக்குற எத்தனையோ பேருக்கு அது இருக்குறதே தெரியாது. ஓரத்துல குமிழ் குமிழா மஞ்சக் கல் பதிச்சிருக்கே, அதுவும் அவங்களுக்குத்தான், ஜப்பான்ல செய்இச்சி மியாகே 1965ல உருவாக்கி 1967ல ஒகயாமால முதல்ல பதிச்சது. குமிழ்னா நில்லு, நீளக் கோடுன்னா இந்தத் திசையில நட. கல்லைப் பதிக்குறவர் அர்த்தம் தெரியாம அழகுக்குன்னு மாத்திப் பதிச்சிருந்தா அது நேரா ரோட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிடும், பார்த்திருக்கேன், ஒடைக்கவும் வச்சிருக்கேன்.

நடை மேம்பாலம் கேக்கலாமான்னும் எழுதியிருந்தீங்க. தயவு செஞ்சு வேண்டாம். தரையில போறதைவிட ஒன்றரை மடங்கு நேரம் ஆச்சுன்னா கிட்டத்தட்ட யாருமே ஏற மாட்டாங்கன்னு 1960கள்லயே பார்த்துச் சொல்லிட்டாங்க. படி ஏறி இறங்குறது ஆளு, வேகமாப் போறது வண்டி. ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும்.

இனி பராமரிப்பு, உங்க ரெண்டாவது கேள்வி. நீங்க பெயிண்ட்னு சொல்றது பெரும்பாலும் பெயிண்ட் இல்லை, தெர்மோபிளாஸ்டிக். பவுடரா மூட்டையில வரும், கொப்பரையில போட்டு 200 டிகிரி கிட்ட உருக்கி, கூழ் பதத்துல சின்னத் தள்ளுவண்டியில ஊத்தி, ரோட்டுல 2.5, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்துக்கிட்டே போவாங்க. அது ஆறுறதுக்குள்ள மேல பொடி சர்க்கரை மாதிரி கண்ணாடி மணியைத் தூவணும். அந்த மணி பாதி உள்ள அமுங்கிப் பாதி வெளிய நிக்கணும், அப்பதான் ராத்திரி ஹெட்லைட் பட்டா வெளிச்சம் திரும்ப ஓட்டுறவர் கண்ணுக்கே வரும். முழுசா மூழ்கினா மினுங்காது, சும்மா மேல உக்காந்திருந்தா ஒரே மாசத்துல டயர் பட்டு உதிர்ந்துடும். கீழ தூசி இருந்தாலோ ஈரம் இருந்தாலோ பட்டையே அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துடும். ஒரு தடவை கான்ட்ராக்டர் ஆளுங்க விடியக்காலைல பனி ஈரம் காயுறதுக்கு முன்னாடியே இழுத்துட்டாங்க, நான் போனப்போ புதுப் பட்டை வெள்ளை வெளேர்னு பார்க்கவே அம்சமா இருந்துச்சு, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். மூணாவது வாரம் ஒரு முனையை நகத்தால நெம்பினா தோசை மாதிரி கையோட வருது. அதுலேர்ந்து நான் வேலை முடிஞ்சதைப் பார்த்துக் கையெழுத்துப் போடறதை விட்டுட்டேன், வேலை நடக்குறப்போ போய் ரோட்டைக் கையால தொட்டுப் பார்ப்பேன்.

ஒழுங்காப் போட்டாலும் தேயத்தான் செய்யும், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது, டயர் ஓடுற ரெண்டு தடத்துல மட்டும் சீக்கிரம் போயிடும். அதனால பட்டையை டயர் தடத்துக்கு நடுவுல, வண்டி வயித்துக்கு அடியில வர்ற மாதிரி தள்ளி வச்சு வரைஞ்சா ஆயுசு கூடும், இதுக்கு ஒரு பைசா கூடச் செலவில்லை, டேப்பைப் பிடிக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ரோட்டைப் பார்த்தாப் போதும். அப்புறம், கிராசிங்கை வெயில்ல போய்ப் பார்த்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு எழுதுறது பெரிய தப்பு. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற அளவை மில்லிகேண்டலாக் கணக்குல கருவி வச்சு அளப்பாங்க, புதுசா 300 கிட்ட இருக்கும், 100க்குக் கீழ வந்துட்டா மறுபடி போடுற நேரம்னு பல இடத்துல வச்சுக்குறாங்க. கருவி இல்லாத ஆபீஸ்ல கார்ல உக்காந்து ராத்திரி, முடிஞ்சா மழையில, அந்த வழியா ஓட்டிப் பார்த்தாலே தெரிஞ்சுடும். பட்டை மேல தண்ணி நிக்குறப்போ பைக் வழுக்கும்ங்குறதும் நிஜம், அதனால பட்டைலயே சொரசொரப்பு கேட்டு வாங்கணும், வண்டிங்க பிரேக் போடுற அணுகு தூரத்துக்கும் நல்ல பிடிப்பு வேணும், வசதி இருக்குற இடத்துல சுட்ட பாக்சைட் கல்லுப்பொடி ஒட்டின சிவப்பு மேற்பரப்பு போடுவாங்க.

ஆனா உங்க பழைய கிராசிங் தேஞ்சு போச்சா, இல்லை புதைஞ்சு போச்சான்னு ஒரு தடவை பாருங்க. நான் பார்த்த வரைக்கும் கிராசிங் காணாமப் போறதுக்கு டயரைவிடப் பெரிய எதிரி புது ரோடு. பழைய ரோட்டு மேல தார் போடுறதுக்கு ஒரு டெண்டர், மார்க்கிங் போடுறதுக்கு இன்னொரு டெண்டர்னு பிரிச்சிருந்தா, தார் போட்ட மறுநாளே பட்டை மறைஞ்சுடும், திரும்ப வர மாசக்கணக்குல ஆகும், அந்த மாசங்கள்ல ரோடு வேற வழுவழுன்னு இருக்குறதால வண்டி முன்னைவிட வேகமாப் போகும். தண்ணிக்குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டினவங்க பள்ளத்தை மூடிட்டுப் போவாங்க, பட்டையில பாதியைத் திரும்ப வரைய மாட்டாங்க. மேல மேல தார் போட்டு ரோடு உயர்ந்துட்டா, வீல்சேர் இறங்குறதுக்குன்னு நடைபாதையில சரிச்சுக் கட்டின இடம் பள்ளமாயிடும், மழை பெஞ்சா கணுக்கால் அளவுக்குத் தண்ணி அங்கதான் நிக்கும், ஜனங்க அதைச் சுத்திக்கிட்டு 5 மீட்டர் தள்ளிக் கடப்பாங்க, அப்புறம் "கிராசிங் இருந்தும் யாரும் உபயோகிக்கறதில்லை"ன்னு ரிப்போர்ட் எழுதுவாங்க. அதனால பராமரிப்பை யார் பார்க்கணும்ங்குறதுக்கு என் பதில், ரோடு யாரோடதோ அவங்க, ஆனா நீங்க கேக்க வேண்டிய நேரம் அந்த ரோட்டுக்குத் தார் போடுற எஸ்டிமேட் தயாராகுறப்போ. அதுல மார்க்கிங்கும் சரிவும் சேர்ந்திருக்கான்னு அப்பவே எழுத்துல கேளுங்க. தனியா ஒரு கிராசிங்குக்குப் பணம் ஒதுக்க வைக்குறதைவிட, ஏற்கெனவே ஒதுக்கின வேலையில ஒரு வரி சேர்க்க வைக்குறது பத்து மடங்கு சுலபம்.

சில விஷயத்துல நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். கிராசிங் இருந்தா ஜனங்க அசட்டுத் தைரியத்துல பார்க்காம இறங்கிடறாங்கன்னு ஒரு வாதம் ஆபீஸ்கள்ல ரொம்பப் பிரபலம், 1972ல அமெரிக்காவுல சான் டியாகோ ஊரைப் பத்தி வந்த ஆய்வுலேர்ந்து இது ஓடுது. பின்னால நேர்ல நின்னு ஜனங்க தலையைத் திருப்பிப் பார்க்குறாங்களான்னு கவனிச்ச வேலைகள் அதை ஆதரிக்கலை, என் கண்ணு பார்த்ததும் அப்படித்தான், ஆனா என் கண்ணு ஆய்வு கிடையாது. ரோட்டுல கட்டை மிதக்குற மாதிரி முப்பரிமாணப் பட்டை வரையுறது வேலை செய்யுமான்னா, புதுசா வர்றவன் ஒரு தடவை மிரளுவான், தினம் வர்றவனுக்கு ரெண்டாவது வாரமே பழகிடும்னு நினைக்குறேன். உங்க இடத்துக்கு ஜீப்ராவா, திட்டா, மேடையா, சிக்னலாங்குறதையும் ரோட்டைப் பார்க்காம நான் சொன்னா அது ஜோசியம்.

அதனால அடுத்த மனு போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. ஸ்கூல் விடுமுறை இல்லாத ஒரு சாதாரண நாள், மழை இல்லாத நாளாப் பார்த்து, காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், ரெண்டு பேரா நின்னு எண்ணுங்க. ஒருத்தர் வண்டி, ஒருத்தர் ஆள். எத்தனை லேன், மீடியன் இருக்கா, பார்க்கிங் எது வரைக்கும், ராத்திரி விளக்கு எரியுதா, இதையும் எழுதிக்கோங்க. கடந்தவங்களை வயசு வாரியாப் பிரிச்சு எழுதுறப்போ, பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு, வந்து நின்னு கடக்காமத் திரும்பிப் போனவங்க எத்தனை பேர், கடந்தவங்க சராசரியா எத்தனை செகண்டு நின்னாங்கன்னு குறிச்சு வைங்க, எந்த ஆபீஸ் ஃபாரத்துலயும் அந்தக் கட்டம் இருக்காது, மனுல நீங்க அதைச் சேர்த்தா யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது. எண்ணின நம்பரை இங்கயே கீழ போடுங்க, நானும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்றேன்.